டிராயிங் மாஸ்டரும் சித்திரகாரப்புலியும்

பழைய நாளில் யுனிவர்ஸிட்டியைத் தமிழில் 'சர்வகலாசாலை' என்று எழுதினார்கள். சகல கலைகளையும் கற்பிக்கும் சாலை என்று அர்த்தம். பின்னால் யாரோ ஒரு பெரியவருக்கு அது கொஞ்சம் அதிகப்படியான வாக்குறுதி என்று பட்டிருக்க வேண்டும். 'பல்கலைக்கழகம்' என்று மாறிற்று. சர்வமும் இல்லை, பல உண்டு. கணக்கு சரியாகிவிட்டது. ஆனால் சர்வம் சுருங்கிப் பல ஆனபோது, சந்தடியில்லாமல் நழுவிப் போனவற்றில் முதலாவது சித்திரக்கலைதான் என்பது என் சந்தேகம்.

திருச்சிராப்பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரிகளுக்குப் பெயர்போன ஊர். 1883-ல் புனித வளனார் கல்லூரி நாகப்பட்டினத்தை விட்டு மலைக்கோட்டை நிழலுக்கு வந்த நாள் முதல் இங்கே படிப்புக்குப் பஞ்சமில்லை. 1982-ல் பாரதிதாசன் பெயரில் ஒரு பல்கலைக்கழகமே வந்துவிட்டது. பௌதிகமா, கணிதமா, பொறியியலா, தாராளமாகப் படிக்கலாம். பாட்டும் பரதமும் வேண்டுமென்றால் 1977-ல் தொடங்கிய கலைக்காவிரி இருக்கிறது. ஆனால் ஒரு பிள்ளைக்கோ பெண்ணுக்கோ அரசாங்கக் கவின்கலைக் கல்லூரியில் நான்கு வருஷம் தூரிகை பிடித்துப் பட்டம் வாங்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டால், கும்பகோணத்துக்குப் பஸ் ஏற வேண்டும்; இல்லாவிட்டால் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். மரபுப்படி கல்லில் செதுக்கப் படிக்க வேண்டுமானால் மாமல்லபுரம். இந்தக் கல்லூரிகளை எல்லாம் சேர்த்துக்கொண்டு, இசைக்கும் கவின்கலைக்குமாக ஒரு தனிப் பல்கலைக்கழகம் 2013-ல் சென்னையில் ஏற்பட்டது.

ஊருக்கு ஒரு சித்திரக் கல்லூரி வேண்டும் என்று மகஜர் எழுத நான் வரவில்லை. கும்பகோணம் என்ன, தொலைதூர தேசமா? காவிரியோடு போனால் வந்துவிடும். எனக்குள்ள குறை வேறு. அதைச் சொல்வதற்கு முன்னால் வாசகர்களைக் கொஞ்சம் படி ஏற்றி அழைத்துப் போக வேண்டும்.

மலைக்கோட்டையில் உச்சிப்பிள்ளையாரைப் பார்க்கப் போகும் வழியில் ஒரு குகைக்கோயில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்தது. அந்த அரசனுக்கு எத்தனையோ விருதுப் பெயர்கள் உண்டு. அவற்றில் ஒன்று 'சித்திரகாரப்புலி'. சித்திரக்காரர்களுக்குள்ளே புலி! எதிரி ராஜ்யங்களை ஜயித்ததைச் சொல்லிப் பெருமைப்பட்ட அரசர்கள் ஏராளம். தூரிகை பிடிப்பதைப் பட்டமாகப் போட்டுக்கொண்டவர்கள் எத்தனை பேர்?

அந்தக் குகையின் சுவரில் கங்காதரர் நிற்கிறார். கங்கை வானத்திலிருந்து இறங்குகிறாள். அவர் சடையின் ஒரு புரியைக் கையால் நீட்டிப் பிடித்து அவளை வாங்கிக்கொள்கிறார். இவ்வளவுதான் விஷயம். உலகத்தையே அடித்துக்கொண்டு போகும் வேகத்தோடு வருகிற ஆற்றைச் சிற்பி ஒரு சின்னஞ்சிறு பெண்ணாகச் செய்து மூலையில் வைத்துவிட்டான். சிவனுடைய முகத்தில் சிரமத்தின் அறிகுறியே இல்லை. தூக்கிய பாதத்தை ஒரு பூதம் தாங்குகிறது. சுற்றிலும் இருப்பவர்கள் வணங்குகிறார்கள். இந்தச் சுவரில் பரபரப்பு இல்லாத ஒரே ஆள் பரபரப்பாக இருக்க வேண்டியவர்தான். வேறு ஒரு சிற்பியாக இருந்தால் அலை அலையாகத் தண்ணீரைக் கொட்டியிருப்பான். இவன் தண்ணீரையே காட்டாமல் அதன் பாரத்தைக் காட்டுகிறான்.

படி ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. மூச்சு வாங்குகிறது; பிள்ளையார் மேலே காத்திருக்கிறார்; குகையில் வெளிச்சமும் போதாது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? சங்கீதத்தில் ஒரு ராகத்தை அடையாளம் கண்டுகொள்ள நமக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள், பாட்டி முதல் வானொலி வரையில். ஒரு சிலைக்கு முன்னால் நின்று எப்படிப் பார்ப்பது என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

சென்ற ஆவணியில் ஸ்ரீரங்கத்தில் சேஷராயர் மண்டபத்துக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். தாவி எழும் கற்குதிரைகளுக்காகப் பெயர்பெற்ற மண்டபம். ஏதோ ஒரு கல்லூரியிலிருந்து வந்த சித்திர மாணவர்கள் ஏழெட்டுப் பேர் தரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார்கள். கோயிலுக்கு வந்த ஒரு பெரியவர், பார்த்தால் உத்தர வீதிக்காரர் மாதிரி இருந்தார், ஒரு பையனின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஏண்டா கொழந்தே, கையிலே இவ்வளவு பெரிய ஃபோன் வெச்சிண்டிருக்கே. ஒரு தட்டு தட்டினா படம் வந்துடறது. இதுக்குப் போய் மத்தியானம் பூரா தரையிலே உக்காந்திருக்கியே?"

"ஃபோட்டோ வந்தவொடனே எடுத்துட்டேன் தாத்தா," என்றான் பையன். "இதப் பாருங்க, குதிரை காலுக்குக் கீழ ஒரு ஆளு நிக்கிறான் பாருங்க. என் ஃபோட்டோவுலயும் இருக்கான். ஆனா வரைய ஆரம்பிச்ச பொறவுதான் என் கண்ணுக்குத் தெரிஞ்சான்."

பெரியவர் குனிந்து பார்த்தார். பிறகு தூணுக்கு அருகிலேயே போய்ப் பார்த்தார். "எழுபது வருஷமா இந்தப் பக்கமா போயிண்டிருக்கேன். இவன் எப்போடா வந்தான்?" என்றார்.

சித்திரக் கல்வியைப் பற்றி நான் படித்த எத்தனையோ கட்டுரைகளை இந்தப் பேச்சு அடித்துவிட்டது. வரைவது என்பது படம் உண்டாக்குவதற்கு மாத்திரமல்ல. பார்ப்பதற்கு ஒரு வழி. படம் மிச்சம். இந்த ஒன்றை நம்முடைய கலைக் கல்லூரிகள் தெரிந்துவைத்திருக்கின்றனவா என்பதுதான் என் கேள்வி.

இந்த இடத்தில் சிலர் எழுந்து, "கல்லூரியே எதற்கு? அந்தக் காலத்தில் தகப்பன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தான், கலை வளரவில்லையா?" என்று கேட்பார்கள். வளர்ந்தது, வாஸ்தவம். அதற்கும் திருச்சியிலேயே சாட்சி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஊர்ச் சித்திரக்காரர்கள் மெல்லிய அபிரகத் தகடுகளில் வண்ணப்படங்கள் எழுதி விற்றார்கள். வண்ணான், தட்டான், பல்லக்குத் தூக்கிகள், சுவாமி ஊர்வலம் என்று உள்ளங்கையளவு படங்கள். வெள்ளைக்கார துரைமார்கள் கட்டுக்கட்டாக வாங்கி ஊருக்கு அனுப்பினார்கள். இன்று லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையில் அவை பத்திரமாக இருக்கின்றன. அபிரகத்தில் வண்ணம் சுலபத்தில் ஒட்டாது. அதை ஒட்டவைத்து, கண்ணாடி மாதிரிப் பளபளக்கச் செய்த கைகளுக்கு எந்தக் கல்லூரியும் பட்டம் கொடுக்கவில்லை.

ஆனால் அந்தக் கைகளின் பெயர் என்ன? தெரியவில்லை. துரைமார்கள் வாங்குவதை நிறுத்தி, காமிராவும் வந்து சேர்ந்தபோது அந்தத் தொழில் எங்கே போயிற்று? பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த வித்தை பிள்ளையோடு நின்றது. அடுத்த தெருப் பையனுக்கு அது கிடைத்திருக்காது; சொந்த வீட்டுப் பெண்ணுக்குக்கூடக் கிடைத்திருக்குமோ என்னவோ. குலவித்தைக்கு ஒரு வாசல்தான். கல்லூரிக்கு, எவ்வளவு மோசமான கல்லூரியானாலும், மனுப் போடுகிற எவரும் நுழையக்கூடிய வாசல். குருகுலத்தை நினைத்து உருகுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அந்த வாசல் வழியாக நுழைந்த ஒருவர் நம் ஜில்லாக்காரர். துறையூர்ப் பக்கம் கீரம்பூரில் 1938-ல் பிறந்த கே. எம். ஆதிமூலம். கிராமத்துப் பிள்ளை. சென்னைக்குப் போய், சிற்பி தனபாலின் ஆதரவில், எழும்பூரிலிருந்த அரசாங்கச் சித்திரப் பள்ளியில் சேர்ந்தார். அந்தப் பள்ளியின் கதை தனிக் கதை. 1850-ல் அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற ராணுவ வைத்தியர் தொடங்கியது. நாடி பிடிக்கிறவருக்கு நம் ஜனங்களின் கைத்தொழிலைத் திருத்த வேண்டும் என்று ஆசை வந்தது. வெகுகாலம் அங்கே சீமைப் பாணியில் வார்ப்பு உருவங்களைப் பார்த்து நகல் எழுதுவதுதான் படிப்பு. பிறகு தேவி பிரசாத் ராய் சௌதுரி வந்தார். சென்னைக் கடற்கரையில் உழைப்பாளர் சிலையைச் செய்தாரே, அவர்தான். அவருக்குப் பிறகு 1957-ல் கே. சி. எஸ். பணிக்கர் தலைமைக்கு வந்தார். நகலை விட்டுவிட்டு உன் கோடு எது என்று தேடு என்றார். அவரும் மாணவர்களும் சேர்ந்து 1966-ல் சோழமண்டலம் கிராமத்தை ஏற்படுத்தியபோது, துணியில் மெழுகுச்சாயம் போட்டு விற்ற காசுதான் கைகொடுத்தது. சித்திரம் சோறு போடாது என்பதைத் தெரிந்துகொண்டு, சோற்றுக்கு வேறு வழி செய்துகொண்டு சித்திரம் எழுதினவர்கள் அவர்கள். கதை எழுதுகிறவனான எனக்கு அந்த ஏற்பாடு நன்றாகப் புரிகிறது.

ஆதிமூலத்துக்கு வருவோம். 1969-ல் காந்தி நூற்றாண்டு வந்தபோது காந்தியை நூறு சித்திரங்களாகக் கறுப்பு மசியில் எழுதினார். அவற்றில் சிலவற்றில் காந்தி நமக்குத் தெரிந்த காந்தி. சிலவற்றில் கோடுகள் மேலும் மேலும் கூடி முள்வேலிபோல் பின்னி, அந்தப் பின்னலுக்குள்ளிருந்து ஒரு தலையும் ஒரு முதுகும் தெரிகின்றன. மூக்குக் கண்ணாடியும் கைத்தடியும் போட்டால் காந்தி ஆகிவிடும் என்று கேலிச்சித்திரக்காரர்கள் நமக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஆதிமூலம் அந்த வசதியை வேண்டாம் என்று தள்ளிவிட்டார். பின்னால் கி. ராஜநாராயணன் கரிசல்காட்டைப் பற்றி எழுதியதற்கு ஜூனியர் விகடனில் அவர் போட்ட படங்களில் அதே கோடு மண்ணையும் மீசையையும் எழுதிற்று. அந்தக் கோடு சும்மா வந்ததல்ல. பள்ளிக்கூடத்தில் ஆயிரக்கணக்கான தாள்களைக் கிழித்துப் போட்ட பிறகு வந்த கோடு. நகல் எழுதச் சொல்லிய பழைய பாடத்திட்டத்தை நான் கேலி செய்தாலும், கை பழகுவதற்கு அதுவும் உதவிற்று என்பதை மறுக்கமாட்டேன்.

நம்மைப் போன்ற வாசகர்களுக்குச் சித்திரக் கல்லூரி எது? வாரப்பத்திரிகைதான். நாமக்கல்லில் பிறந்த சிற்பி, தாமே ஓவியராகவும் இருந்த நாமக்கல் கவிஞரின் தூண்டுதலால் சென்னையில் சித்திரம் படித்தார். விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்று வாராவாரம் கோயில் சிற்பங்களை எழுதினார். எத்தனையோ வீடுகளில் அந்தப் பக்கங்களைக் கிழித்துத் தைத்து வைத்திருந்தார்கள். கும்பகோணத்தில் படித்த கோபுலு, சிரிப்பில்கூடத் தெருவையும் திண்ணையையும் எப்படிக் கவனிப்பது என்று காட்டினார். இவர்கள் ஒருவரும் பாடம் நடத்தவில்லை. ஆனால் ஒரு தலைமுறைக்குக் கண் திறந்துவிட்டது இவர்கள்தான். அந்தப் பத்திரிகைப் படங்களை 'வெறும் வணிகச் சித்திரம்' என்று முகம் சுளிக்கிற கல்லூரி மேதாவிகளைச் சந்தித்திருக்கிறேன். அவர்களுடைய கண்காட்சிகளுக்கு வந்து வேர்க்க விறுவிறுக்க நிற்கிற நாலு பேரும் சிற்பியைப் பார்த்துப் பழகிய கண்கொண்டுதான் வந்தார்கள் என்பதை அவர்களிடம் சொல்லிப் பயனில்லை.

இனி என் குறை.

கலைக் கல்லூரி என்றால் கலைஞனை உண்டாக்குகிற இடம் என்று எல்லோரும் நினைக்கிறோம். கலைஞன் நூற்றில் ஒருவன் வருவான், வராமலும் போவான். ஆனால் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருடைய கண்ணும் ஒரே ஒருவர் கையில் இருக்கிறது. அவர்தான் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். அவரை யார் உண்டாக்குகிறார்கள்?

லோயர், ஹையர் என்று அரசாங்கத் தொழில்நுட்பப் பரீட்சைகள். ஜாடி, நாற்காலி, பூங்கொடி அலங்காரம். அதைத் தாண்டினால் ஒரு கோடையில் சில வாரங்கள் ஆசிரியர் பயிற்சி. இப்படி வந்தவர்கள் ஏராளம். 2012-ல் தமிழக அரசு 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக நியமித்தது. ஓவியம், உடற்பயிற்சி, கைத்தொழில் மூன்றுக்கும் சேர்த்து. வாரத்துக்கு மூன்று அரை நாள். மாதம் ஐயாயிரம் ரூபாய். அதைப் பத்தாயிரமாக்க 2021 வரைக்கும் ஆயிற்று. அரை நாள் கண், அரை நாள் கை என்று கணக்குப் போட்டார்களோ என்னவோ. சித்திரகாரப்புலி ஆண்ட பூமியில் சித்திர உபாத்தியாயர் வேலை நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்திருந்ததைப் பத்திரிகைகளில் பார்த்தோம்.

சம்பளத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நான் படித்த பள்ளிக்கூடத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு டிராயிங் மாஸ்டர் இருந்தார். ஆண்டு விழாத் திரை, வாசல் வளைவு, பரிசுச் சான்றிதழ்களில் பெயர் எழுதுவது எல்லாம் அவர் பொறுப்பு. வகுப்பில் ஒரு முக்காலியின் மேல் பித்தளைச் சொம்பை வைத்து வரையச் சொல்வார். வருஷம் மாறும், சொம்பு மாறாது. ஒரு நாள் என்ன தோன்றிற்றோ, சொம்பை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, "இத்தனை நாள் சொம்பை வரைஞ்சீங்களேடா, இன்னிக்குச் சொம்பு இருந்த இடத்தை வரைங்க," என்றார். நாங்கள் சிரித்தோம். பிறகு வரையத் தொடங்கினோம். காலியிடத்துக்கும் ஓர் உருவம் உண்டு என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. நான் இன்று ஒரு கதையில் எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்று யோசிக்கும்போதெல்லாம் அந்த முக்காலி என் முன்னால் வந்து நிற்கிறது.

அந்தச் சமயம் பார்த்துத் தலைமையாசிரியர் வந்தார். காலி முக்காலியைச் சுற்றி நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்து எதையோ தீவிரமாக எழுதுவதைக் கண்டார். "என்ன சார் இது?" என்றார். மாஸ்டர் எழுந்து நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்ல வரவில்லை. சொம்பை எடுத்து மறுபடியும் முக்காலியின் மேல் வைத்தார். அடுத்த மாதத்திலிருந்து வாரம் இரண்டு டிராயிங் பீரியடில் ஒன்று கணக்கு வாத்தியாருக்குப் போயிற்று.

அந்த மனிதருக்குக் கையில் வித்தை இருந்தது, கண்ணும் இருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்வதற்கு வார்த்தை இல்லை. அவருக்கு அந்த வார்த்தையை யாரும் கொடுக்கவில்லை. பரீட்சைகள் அவருக்குக் கைத்திறன் இருக்கிறதா என்று சோதித்தன. பார்ப்பதைப் பற்றி யோசிக்கவும் பேசவும் வாதாடவும் கற்றுக்கொடுக்க வேண்டியது பல்கலைக்கழகத்தின் வேலை. நான் கேட்கிற பல்கலைக்கழகப் படிப்பு அதுதான்.

இது நடக்காத காரியமல்ல. பரோடாப் பல்கலைக்கழகத்தில் 1950-ல் நுண்கலைப் பிரிவைத் தொடங்கினார்கள். தூரிகை பிடிக்கிறவன் கலையின் சரித்திரத்தையும் படிக்க வேண்டும் என்று வைத்தார்கள். அங்கே நெடுநாள் ஆசிரியராக இருந்த கே. ஜி. சுப்ரமணியன், கேரளத்துத் தமிழ்க் குடும்பத்துக்காரர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துவிட்டுச் சாந்திநிகேதனம் போய்ச் சித்திரம் கற்றவர். அவர் சுவர்ச்சித்திரமும் எழுதினார், குழந்தைகளுக்குப் பொம்மையும் செய்தார், கலைக் கல்வியைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். ஒன்றை மற்றொன்றுக்குக் கீழாக அவர் நினைக்கவில்லை. நம் பக்கத்துக் கலைக் கல்லூரிகளிலோ, 'டிராயிங் மாஸ்டர் வேலைக்குப் போய்விட்டான்' என்பதை அபஜயச் செய்தியாகத்தான் இன்னும் சொல்கிறார்கள்.

கண் பழகாததால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்குக் கோயில்களைத்தான் காட்டுவேன். திருப்பணி என்று சொல்லிக்கொண்டு பழைய சுவர்ச்சித்திரங்களின்மேல் சுண்ணாம்பு அடித்த ஊர்கள் உண்டு. மணல் வீச்சு என்று ஒன்று வந்து, அழுக்கோடு சேர்த்துக் கல்லின் தோலையும் உரித்தது. பலத்த ஆட்சேபங்களுக்குப் பிறகுதான் அதற்குத் தடை வந்தது. செய்தவர்கள் பக்தியில்லாதவர்கள் அல்ல. சுவரைச் சுத்தமாக வைக்க ஆசைப்பட்டவர்கள். சுவரில் இருந்தவர்கள் அவர்கள் கண்ணில் படவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் இருட்டுச் சுற்றில், நாயக்கர் காலத்துப் பூச்சுக்கு அடியில் சோழர் சித்திரம் இருக்கிறது என்று 1931-ல் கண்டுபிடித்தவர் ஓவியரல்ல. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்த எஸ். கே. கோவிந்தசாமி. அதற்கு முன்னால் எத்தனை ஆயிரம் பேர் அந்தச் சுவரைக் கடந்து போயிருப்பார்கள்!

ஆகையால் திருச்சியிலிருக்கும் ஏதாவதொரு கல்லூரி, புதுக் கட்டடமோ பெரிய நிதியோ இல்லாமல், ஒரு காரியம் செய்து பார்க்கலாம். சித்திர ஆசிரியராகப் போகிறவர்களுக்கு ஒரு வருஷப் படிப்பு. பாடங்களை நிபுணர்கள் வகுக்கட்டும். எனக்குப் பட்டம் கிட்டம் கிடையாது, அதில் தலையிடமாட்டேன். கடைசிப் பரீட்சையை மாத்திரம் நான் சொல்கிறபடி வைக்க வேண்டும். சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் பரீட்சார்த்தியோடு இருபது பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி ஸ்ரீரங்கத்துக்கு அனுப்ப வேண்டும். சேஷராயர் மண்டபத்தில் ஒரு மணி நேரம். பரீட்சார்த்தி பிரசங்கம் செய்யக்கூடாது, கேள்வி கேட்கலாம். அந்த ஒரு மணி நேரத்துக்குள் குதிரைக் காலடியில் நிற்கிற ஆளை எத்தனை பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள் என்று எண்ணி, அதையே மார்க்காகப் போட்டுவிடலாம். மேற்பார்வைக்குப் போகிற பேராசிரியரும் மண்டபத்தை ஒருமுறை முன்கூட்டியே பார்த்துவைத்துக்கொள்வது நல்லது.